பிக்கப்பை எட்டுச் சென்ரிமீற்றர் இறக்கிய மகனுக்கு

மகன்,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று, நீ இப்போது இருக்கிற திரிம்பாக் பக்கமிருந்து வந்துபோகிறவர்கள் சொல்கிறார்கள். நான் நன்றாக இல்லை. எனக்குக் கோபம், அதுவும் இரண்டு மாதமாக அடக்கிவைத்த கோபம். நேற்று மத்தியானம் உன் சிநேகிதன் குகன் ஹோட்டல் லொண்டரி வாசலுக்கு வந்து நின்று, நீ பிக்கப்பைத் திருத்தி எடுத்துவிட்டாய் என்றான். சந்தோஷம் என்றேன். கல்யாணத்துக்கு முன் அதன் உயரத்தைத் திரும்பவும் இறக்கப் போகிறாய் என்றான். அந்த எட்டுச் சென்ரிமீற்றர் இரும்புக் கட்டைகளை நீ எறியவில்லை, துடைத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறாய் என்றான். உனக்குப் பெண்ணாக வரப்போகிற வதனியைச் சூரிச் விமான நிலையத்திலிருந்து அதில்தான் ஏற்றிவரப் போகிறாய் என்றும் சொன்னான். நான் கேட்டுப் பூரித்துப்போவேன் என்று நினைத்தான் போல. கையிலிருந்த படுக்கை விரிப்பை மடிக்காமலே கூடைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நீ அப்பாவோடு கதைத்து இரண்டு மாதம் ஆகிறது. என்னோடு தொலைபேசியில் கதைக்கிறாய். சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி என்று கேட்டு வைத்துவிடுகிறாய். அவர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வேலை இருக்கிறது என்று நீ தொலைபேசியை நடுவில் வைக்க முடியாதபடி எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று பேனை எடுத்தேன். லீவு நாள், சமைக்கவுமில்லை. கடைசிவரை படி. நடுவில் உனக்குக் கோபம் வரும். வரட்டும், அது உனக்கு மட்டும் சொந்தமான சாமானில்லை.

அந்தப் பிக்கப் வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. பழைய ஜப்பான் வண்டி, வெள்ளை நிறம், முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கக்கூடிய ஒரே சீற். உன் முதலாளி, நீ ஷெஃப் என்கிறவர், வீடுகளுக்குத் தரை ரைல்ஸ் பதிக்கிறவர். பெட்டிகளை நீயே ஏற்றிப் போனால் உனக்கும் வசதி, அவருக்கும் வசதி என்று வாங்கினாய். காலை ஆறு மணிக்கு முன் நாங்கள் மூவரும் புறப்படுவோம். நீ ஓட்ட, அப்பா கதவோரம், நான் நடுவில், கியர்க் கம்பி என் முழங்காலில் இடிக்க. என்னை லொண்டரியிலும் அவரைக் கோப்பை கழுவுகிற குசினியிலும் இறக்கிவிட்டு நீ வேலைக்குப் போவாய். சனிக்கிழமை என்றால் ஊர்ச்சனத்தின் அரிசி மூட்டை, பழைய அலமாரி, பூசைக்கு எடுக்கிற மண்டபத்துக்குச் சமையல் கிடாரம், எல்லாம் அதில்தான். உன் கையில் வண்டி இருந்ததால் லுசேர்ண் தமிழர் முழுப்பேருக்கும் வண்டி இருந்தது. இது நிறுத்திவைத்து அழகு பார்க்கிற வாகனமில்லை, நாள்தோறும் நாரி முறிய உழைக்கிற வாகனம். அதை நீ மறந்தாய் என்பதுதான் என் முதல் கோபம்.

உன்னோடு வேலை செய்கிற இத்தாலிக்காரப் பெடியன் தன் காரை நிலத்தோடு ஒட்டினாற்போல் இறக்கி வைத்திருந்தான். அதைப் பார்த்த நாள் தொடக்கம் உனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பிக்கப் கோழி நின்ற மாதிரி உயர நிற்கிறது என்றாய். எவ்வளவு இறக்கலாம் என்று நீ யோசித்த விதம் எனக்குத் தெரியும், யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியை முழுதாக வெறுமையாக்கி, கழுவி, வெயிலில் விட்டு, பத்தடி தள்ளிக் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாய். ரயரின் மேல் விளிம்பும் அதன் மேலிருக்கிற தகடும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரித் தெரிய வேண்டும், அவ்வளவுதான் உன் கணக்கு. எட்டு என்று முடிவெடுத்தாய். பெண் பார்க்கப் போன இடத்தில் மூக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவன் கூட உன்னைவிடக் கொஞ்சம் யோசிப்பான்.

இனி உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவரை மகான் ஆக்க நான் எழுதவில்லை. வெங்காய லொறி ஓடிய காலத்தில் அவர் செய்த மூளைகெட்ட வேலை உனக்குத் தெரியாது, உனக்கு அப்போது நாலு வயது. எங்கள் பக்கத்து லொறிக்காரர் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கூடச் சுமை ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிறிங்கில் ஒரு தகடு கூட்டிப் போடுவார்கள். இவர் ஒன்று போதாதென்று மூன்று கூட்டினார். லொறி பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து, கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோகிறதா கும்பிடு போடப் போகிறதா என்று கேட்கும்படி நின்றது. வெறும் லொறியாகத் திரும்பி வரும்போது மதகில் துள்ளித் தெருவை விட்டு இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அடுத்த பயணத்துக்கு அதே மூன்று தகட்டோடு வெளிக்கிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு லொறிக்கு முன்னால் போய் நின்றேன். ஊர் முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. இரண்டு தகட்டைக் கழற்றும்வரை நகரமாட்டேன் என்றேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன். கடைசியில் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் சுமையில்லாமல் ஒருமுறை, சுமையோடு ஒருமுறை அளந்து பார்க்காமல் எந்த வண்டிக்கும் கை வைத்ததில்லை.

இந்தக் கதையை உன் அப்பாவைக் கேலி செய்ய எழுதவில்லை. லொறியை மறித்துக் கத்திய அதே பெண்தான் நான் என்பதை நீ தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். இங்கே வந்த பிறகு அந்தப் பெண் எங்கே போனாள் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ எங்களைக் கூப்பிட்டாய். உன் பாட்டில் தனியாக இருந்து, தனியாகச் சமைத்து, எங்களைக் கரைசேர்த்தாய். அதை நான் மறுக்கவில்லை, நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் வந்த முதல் கிழமையிலிருந்து உன் வாயில் ஒரு வசனம் ஒட்டிக்கொண்டது. அப்பா பஸ்ஸில் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் அந்த வசனம். பால்கனியில் சாரம் காயப் போட்டால் அந்த வசனம். அகதி விசாரணைக்குப் போன இடத்தில், அவர் லொறி கைவிட்டுப் போன கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியபோது, மொழிபெயர்க்க வந்த பெண்ணின் முன்னிலையிலேயே சொன்னாய்: "அப்பா, இது யாழ்ப்பாணமில்லை. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ." அன்றைக்கு அவர் கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. ஐம்பத்தைந்து வயது மனிதன், தன் மகனின் வீட்டில், கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லப் பழகினார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சண்டையில்லாமல் நாட்கள் போயின, நானும் அதற்குப் பழகிவிட்டேன்.

பிக்கப்பை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை நீயும் இத்தாலிக்காரனும் கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில் வேலை செய்தீர்கள். பின் அச்சுக்கும் ஸ்பிறிங்குக்கும் நடுவில் அந்த இரும்புக் கட்டைகளை வைத்து இறுக்கினீர்கள். முடிந்ததும் கோப்பி குடிக்க அவனோடு அவன் காரில் போனாய். அப்போது அப்பா இறங்கிப் போய் பிக்கப்புக்கு அடியில் படுத்திருக்கிறார். நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கறுப்பாக மேலே வந்து, குழாயடியில் நின்று, கை கழுவாமல் என்னைப் பார்த்தார். பின்னால் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறதாம், அச்சையும் பிறேக்கையும் தொடுத்துக்கொண்டு. சுமை ஏறி வண்டி பதிந்தால் அந்தக் கம்பி உயர்ந்து, வண்டியில் பாரம் இருக்கிறது, பின் சில்லுக்குக் கூடப் பிறேக் கொடு என்று சொல்லுமாம். இப்போது வண்டியை எட்டுச் சென்ரிமீற்றர் இறக்கியதால் வெறுமையாக நிற்கும்போதே அது பாரம் என்று நம்பிவிட்டதாம். பாரமில்லாத பின் சில்லுக்கு அவ்வளவு பிறேக் போனால், ஈரத் தெருவில் அது உருளாமல் இறுகிச் சறுக்குமாம். அந்தக் கம்பியையும் அதே அளவுக்கு மாற்றிப் பொருத்த வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவேயில்லை என்றார். நீ வந்ததும் சொல்லப் போகிறேன் என்றார்.

மகன், இனி நான் எழுதுவதை இரண்டு தரம் படி. அவரைச் சொல்ல விடாமல் தடுத்தது நான்.

"இஞ்சருங்கோ, ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றேன். "அவன்ர வாகனம், அவன்ர வீடு. இண்டைக்குத்தான் அவன்ர முகத்தில சிரிப்பைக் காணுறன். நீங்கள் வாய் திறந்தா திரும்ப யாழ்ப்பாணமில்லை எண்டுவான், நீங்கள் மூண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பியள். எனக்கு ஏலாது."

"இது பிறேக் விசயம்" என்றார்.

"அந்தப் பெடியனுக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும்? அவங்கள் இந்த நாட்டுக்காரர்" என்றேன். அந்தப் பெடியன் இந்த நாட்டுக்காரனும் இல்லை, அவனுக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. உன் அப்பா அதற்குப் பிறகு கை கழுவினார். நீ வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது வடிவாக இருக்கிறது என்றார். கேட்டதற்கு மட்டும் மறுமொழி.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன், வெட்கமாக இருந்தாலும். வண்டி இறங்கியது எனக்கு வசதியாக இருந்தது. முன்பெல்லாம் நான் ஏறுவதற்கு ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, நீ ஒரு கையும் அவர் ஒரு கையும் பிடிக்க வேண்டும். இறக்கிய பிறகு சும்மா திரும்பி இருந்துவிடலாம். ஆகவே திங்கட்கிழமை தொடக்கம் ரைல்ஸ் பெட்டிகளோடு போகும்போது ஒவ்வொரு குழியிலும் பின்னால் 'டங்' என்று இடித்தபோதும், என் முதுகெலும்பு அதை எண்ணிக்கொண்டு வந்தபோதும், நான் பேசாமல் இருந்தேன். மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். மூன்று பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு போனோம். இப்படி ஒரு குடும்பம் எங்கேயாவது இருக்குமா என்று இப்போது நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிரீன்ஸ் தெரு இறக்கத்தில் நடந்ததை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீதான் ஓட்டினாய். ஆனால் நடுவில் இருந்தவள் கண்டதையும் கேள். நீ எங்களை வேலை முடிந்து ஏற்றிக்கொண்டு, ஷெஃப் வீட்டில் கடைசிப் பெட்டிகளையும் இறக்கிவிட்டுத் திரும்பிய பின்னேரம். மழைத் தூறல். பின்னால் ஒரு சாமானும் இல்லை. முன்னால் போன பஸ் தரிப்பில் நின்றது, நீ பிறேக் அடித்தாய். நீ வேகமாகவும் ஓடவில்லை, அதையும் சொல்கிறேன். வண்டியின் பின்பக்கம் எங்களை முந்திப் போகிற மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. நான் கண்ணாடியில் பஸ்ஸைக் கண்டேன், பிறகு ஒரு கல்மதிலைக் கண்டேன். அப்பா என் பக்கம் உடம்பைத் திருப்பி, தன் வலக் கையை எடுத்து என் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே நீட்டி, மற்றப் பக்கம் கியருக்கு மேலால் உன் வயிற்றைத் தொட்டுப் பிடிக்கப் பார்த்தார். மதிலில் அடித்தபோது அந்தக் கைதான் முன்பக்கத் தகட்டில் நசிந்தது. எனக்கு ஒரு கீறலுமில்லை. உனக்கும் இல்லை.

விபத்துக்குப் பிறகு வண்டியைப் பரிசோதனை செய்த அதிகாரி, இந்த மாற்றத்தை ஏன் காட்டிப் பதியவில்லை என்று கேட்டார், அந்தக் கம்பியையும் விரலால் தொட்டுக் காட்டினார். வாகனம் தெரிந்த எவனும் பார்த்திருப்பான் என்றாராம். நீ அதைக் கேட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாய். மணிக்கட்டில் ஆணி வைத்துக் கட்டிப் படுத்திருந்த மனிதனிடம் கேட்டாய்:

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றார்.

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நான் நின்றேன், கையில் தோடம்பழமும் கத்தியும். அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். நான் தோடம்பழம் உரித்தேன். நீ போய்விட்டாய், அடுத்த கிழமை வீட்டையும் விட்டுப் போய்விட்டாய். வேண்டுமென்றே உன்னை விழவிட்டுப் பார்த்த தகப்பன் என்று குகனிடம் சொன்னாயாம். அதை அவர் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டும் இன்றுவரை, அம்மாதான் சொல்ல விடவில்லை என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. "அவனுக்கு ஒரு ஆளோட கோபம் இருந்தால் காணும்" என்றார்.

எனக்கு என்மேல் இருக்கிற கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு உனக்கும் உண்டு, அதை நான் விட்டுத்தர மாட்டேன். ஒரு வீட்டில் பிறேக்கைப் பற்றிச் சொல்வதற்கே நேரம் காலம் பார்க்க வேண்டியிருந்தால், அந்த வீட்டை அப்படி ஆக்கியவன் யார்? லொறியை மறித்தவள் உன் முன்னால் வாயைப் பொத்தினாள் என்றால், உன் முகத்தில் எதைக் கண்டு பொத்தினாள்? உன் அப்பா முன்பு என்னைப் பார்த்துக் கத்துவார், ஆனால் கடைசியில் கழற்றுவார். நீ கத்துவதில்லை. மெதுவாக, நாகரிகமாக, ஒரு வசனத்தைச் சொல்லி எங்களை வாயடைக்கப் பண்ணுகிறாய். கத்துகிறவனோடு சண்டை பிடிக்கலாம், அதைத்தான் நான் வாழ்க்கை முழுக்கச் செய்தேன். உன்னோடு எப்படிச் சண்டை பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வதனி வரப்போகிறாள். கரவெட்டியிலிருந்து வருகிற பெட்டை, பாஷை தெரியாது, உன்னைத் தவிர ஒருவரையும் தெரியாது. முதல் ஆறு மாதம் நீ எதைக் காட்டினாலும் வடிவாக இருக்கிறது என்பாள். பிக்கப்பைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வாள். அந்தச் சொல்லை நம்பாதே. அவள் நடுச் சீற்றில் இருந்துகொண்டு, பின்னால் என்னமோ இடிக்கிறது என்று சொன்னால், இது கரவெட்டியில்லை என்று சொல்லிவிடாதே. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார். ஒன்றுமில்லாவிட்டாலும் இறங்கிப் பார். நீ இறங்குவதை அவள் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ஒரு சென்ரிமீற்றரும் வேண்டாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், வேண்டாம் என்றால் பத்து இறக்குவாய். அப்பா ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்திருந்ததை அவர் சட்டைப் பையில் கண்டேன், இடக் கையால் எழுதியது, எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி. நீ இறக்குவதற்கு முன்பே ஒரு திங்கட்கிழமை, ரைல்ஸ் பெட்டி முழுக்க ஏற்றி நாங்களும் இருக்கும்போது எவ்வளவு பதிகிறது என்று உனக்குத் தெரியாமல் அளந்திருக்கிறார். வெறும் வண்டியில் பின் அச்சுக்கும் மேலே அது முட்டுகிற ரப்பருக்கும் இடையில் பதினொன்று. பெட்டிகளும் நாங்களும் ஏறினால் நாலு போய்விடும், மிச்சம் ஏழு. ஏழு இருக்கிற இடத்தில் எட்டை இறக்கினாய், அதுதான் அந்த 'டங்'. நாலு இறக்கினால் மூன்று மிஞ்சும், அவர் கணக்கில் அது காணும். அந்தக் கம்பியின் பிடியையும் அதே நாலுக்கு மாற்ற வேண்டும், கொண்டுபோய்க் காட்டிப் பதிய வேண்டும். கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்: நாலிலும் வடிவாகத்தான் நிற்கும். உன் கல்யாணத்துக்கு அவர் எழுதிய வாழ்த்து அதுதான் என்று வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அவரிடமே கொடுத்து, நீ வேலையில்லாமல் நிற்கிற சனிக்கிழமை பார்த்து, லுசேர்ணில் ரயில் ஏற்றிவிடுகிறேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. நீ இதைப் படித்து முடிக்கும்போது, உள்ளே வாங்கோ என்று நீ சொல்லாததால், அவர் வாசலில் சப்பாத்தோடுதான் நிற்பார். என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால் ஒன்றும் கதைக்காதே. பிக்கப் சாவியை எடுத்து அவர் கையில் கொடு. இடக் கையில் கொடு, மகன். குற்றமில்லை. வலக் கை இன்னும் மூடுதில்லை.

அம்மா